சாம்சனுக்கு மொட்டை

ராயபுரத்தில் இப்போது வீட்டுக்கு வீடு ஏசி இருக்கிறது. ஆனால் அது யாருக்காக ஓடுகிறது என்று கேட்டால், "நாய்க்கு" என்று கூசாமல் பதில் வருகிற வீடு இக்னேஷியஸ் வீடு ஒன்றுதான்.

நாயும் லேசுப்பட்ட நாய் இல்லை. செயின்ட் பெர்னார்ட். பனிமலையில் வழி தவறிப்போனவர்களைத் தேடிப்பிடிக்க என்றே வளர்த்த இனமாம். அதைக் கொண்டுவந்து, தார் உருகுகிற ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டில் வைத்தவன் ஜோ. கப்பலில் மூன்றாம் இஞ்சினியர். கல்யாணமான கையோடு கப்பல் ஏற வேண்டியிருந்தது. பெண்டாட்டிக்குத் துணை வேண்டுமே என்று ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். என்ன, மடி மட்டும் அவனுடையது இல்லை, மெர்லினுடையது.

வந்தபோது பஞ்சு மூட்டையாக இருந்தது. இரண்டே வருஷத்தில் வாட்டசாட்டமான ஓர் ஆள் எடைக்கு வளர்ந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார் இக்னேஷியஸ்தான் அதற்குச் சாம்சன் என்று பெயர் வைத்தார். பைபிளில் சிம்சோன், வீட்டில் சாம்சன். உடம்பெல்லாம் முடியாக இருக்கிறதே என்று வைத்த பெயர். முடி போனதும் பலமும் போய்விடுகிற அந்தக் கதையின் பின்பாதி அவருக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

இப்படி ஒரு ஜீவனை வைத்துக்கொள்வது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. வெயில் ஏறுமுன் இக்னேஷியஸ் அதைக் காசிமேட்டுப் பக்கம் நடத்திக் கூட்டிவருவார். வாயிலிருந்து வடிகிற எச்சிலைத் துடைக்கக் கதவுப் பிடியில் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். தரையில் வழுக்கி இடுப்பு போய்விடுமாம், அதனால் கூடம் முழுக்க கயிற்றுப் பாய். சாயங்காலம் மெர்லின் வேலை முடிந்து வந்து, சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், அடிமுடி பஞ்சு பஞ்சாகக் கழன்று வரும். அது மீன் குழம்பில் இருக்கும், ஜெபமாலையில் சுற்றியிருக்கும், மாமியார் பிலோமி கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையிலும் இருக்கும். பிலோமி அதைப் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் மாதா சிரிப்பாள்.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் மெர்லினுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். நாய் மட்டும் வந்து, பூசணிக்காய் கனத்துக்கு இருந்த தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு படுத்தது. அன்றிலிருந்து அவள் தினமும் அதற்குத் தலை சீவினாள். அழுகை வருகிற நாட்களில் கொஞ்சம் அதிக நேரம் சீவினாள்.

லீவில் வந்திருந்த ஜோ மறுபடி கப்பல் ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, போன வாரம் அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. சோதித்துப் பார்த்தாள், இரண்டு கோடு. ஜோவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னாள். மூன்று மாதம் தாண்டுகிற வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை யாருடைய கண்ணும், யாருடைய பேச்சும் படாமல் அந்த உயிர் தங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஜோ சரி என்றான். நல்ல பிள்ளை, எதற்கும் சரி என்று சொல்வான்.

சனிக்கிழமை. கத்திரி வெயில். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் மெர்லினுக்கு அன்று அரை நாள்தான் வேலை. ரயிலை விட்டு இறங்கி, லாரிகள் வாரி இறைத்த புழுதியில் நடந்து வீட்டுக்கு வந்தாள். தெருவில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்று முனைக்கடையில் சொன்னார்கள். அவளுக்கு முதலில் நாய் ஞாபகம்தான் வந்தது. கூடத்துத் தரையில் ஈரச் சாக்கு விரித்து, டேபிள் விசிறிக்குப் பதில் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார் மாமா என்று நினைத்துக்கொண்டே படி ஏறினாள்.

இரண்டாவது படியில் ஒரு கொத்து முடி கிடந்தது. நாலாவது படியில் இன்னொன்று. காற்றில் புரண்டு புரண்டு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, பழுப்பும் வெள்ளையுமாக.

எதிரே முனை சலூன் பரசுராமன் பெட்டியோடு இறங்கி வந்தார். மெர்லினைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

"அம்மா சொன்னாங்க, செஞ்சேன். ரெண்டு பேட்டரி மெஷினு சூடாயி நின்னு பூட்ச்சி," என்றார். அவள் கேட்காத கேள்விக்குத்தான் அந்தப் பதில்.

மெர்லின் கூடத்தில் நிற்கவே இல்லை. நேராக மேல்தளத்துக்கு ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சங்கிலியைக் கட்டியிருந்தது. கட்டப்பட்டிருந்தது சாம்சன்தான் என்று மூளைக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆனது. முடி முழுக்கப் போய், எலும்பும் மடிப்பும் தெரிய, பாதியாக இளைத்துப்போன எதுவோ ஒன்று கிடந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் சந்தனம். வேளாங்கண்ணியில் மொட்டை அடித்த குழந்தைக்குப் பூசுவார்களே, அந்த மாதிரி, குழைத்துக் குழைத்துப் பூசியிருந்தது. வெயிலில் காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் தோல் செக்கச்சிவப்பாகத் தெரிந்தது. நாக்கு தரையில் கிடந்தது, நாவல் பழம் தின்ற நிறத்தில். அவளைப் பார்த்தால் தரை அதிர எழுந்து வருகிற நாய், வாலைக்கூட அசைக்கவில்லை.

அவள் அலறிய அலறலில் பிலோமி கையில் மஞ்சள் துணியோடு மேலே வந்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. நல்ல காரியம் ஒன்றை முடித்தவளின் களைப்புதான் இருந்தது.

"சந்தனம் காயட்டும்னு கட்டி வெச்சேன். குளிர்ச்சி தானே அது. கம்பளி போத்திகினு கீற மாதிரி கெடந்துச்சி, இப்ப காத்து படும்ல?"

முடியை வெட்டக் கூடாது, சீவி விட்டால் போதும் என்று டாக்டர் சொன்னதை மெர்லின் போன வெயிலிலேயே மாமியாரிடம் சொல்லியிருந்தாள். பிலோமி அதைப் படித்தவர்கள் சொல்லும் வேடிக்கைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டாள். புழுக்கத்துக்கு மொட்டை, சூட்டுக்குச் சந்தனம். இதற்கு மேல் ஒரு வைத்தியம் உண்டு என்று அவளிடம் யார் சொல்லி நம்பவைப்பது.

மெர்லின் தொட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது. கீழே ஓடி, சமையலறையில் பிடித்து வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து நாயின் மேல் ஊற்றினாள். சந்தனம் கரைந்து மஞ்சள் ஆறாக ஓடியது. நாய் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான்.

தெருவில் பக்கத்து வீட்டு நெல்சனின் மீன்பாடி வண்டி நின்றது. காலைச் சரக்கைக் காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தவன், அலறலைக் கேட்டு மேலே பார்த்தான். இக்னேஷியஸும் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து வாசலில் நின்றார். இரண்டு பேரும் மேலே வந்தார்கள். மீன் மூடுகிற தார்ப்பாயை விரித்து, நாயை உருட்டி அதில் ஏற்றினார்கள். முன்னால் இரண்டு முனையையும் நெல்சன் பிடித்தான், பின்னால் ஒன்றை இக்னேஷியஸ். மெர்லின் குனிந்து நாலாவது முனையைப் பிடித்தாள்.

"நீ தூக்காத மெர்லினு," என்றாள் பிலோமி. "இந்த மாதிரி நேரத்துல..."

அதற்கு மேல் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொல்ல வேண்டியது முழுக்க வெளியே வந்துவிட்டது.

மெர்லின் தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடியே மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பேச நேரம் இல்லை. பிலோமி வந்து அந்த முனையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோயிலில் முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பூசை காண்கிற பிலோமி, அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு குறுகல் படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். மெர்லின் நாயின் தலையை மட்டும் இரு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவளுக்கு மாமியார் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நெல்சன் போகிற வழியில் ஐஸ் டிப்போவில் வண்டியை நிறுத்தி, நொறுக்கிய ஐஸை ஒரு சாக்கில் வாங்கினான். நேராக மேலே கொட்டாமல், துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்து வயிற்றிலும் தொடையிலும் போட்டுக்கொண்டே வந்தாள் மெர்லின். நெரிசலில் ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, இன்னா மீனுப்பா இது என்று கேட்டார். நெல்சன் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கல்மண்டபத்தில் டாக்டர் சங்கமித்ராவின் கிளினிக். வியாசர்பாடிப் பெண், ஆடு மாடு முதல் கிளி வரைக்கும் பார்க்கிறவர், சாம்சனுக்குக் குட்டியிலிருந்து ஊசி போட்டவரும் அவர்தான். மேஜையில் கிடந்ததை அவருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. சூடு பார்த்தார், முகம் மாறியது. காலில் நரம்பு தேடி சலைன் ஏற்றினார். ஈரத் துணி, விசிறி, மறுபடி ஈரத் துணி. சந்தனத்தைத் துடைத்த இடத்தில் தோல் கொப்புளித்திருந்தது.

"மெர்லின், முடிதான்மா அதுக்குக் குடை. குடையப் பிடுங்கிட்டு வெயில்ல கட்டினா எப்படி? யாரு செஞ்சது?"

"வூட்லதான்," என்றாள் மெர்லின். வேறு எப்படிச் சொல்வது.

விடியும் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் நாய் அங்கேயே இருக்கட்டும், அதற்குப் பழகிய பாயோ துணியோ ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பயப்படாமல் படுக்கும் என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இக்னேஷியஸ் உட்கார்ந்திருந்தார். நிலக்கரி தூசியில் முப்பது வருஷம் வேலை செய்த நெஞ்சு, படி இறங்கியதற்கே இரைத்துக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர். யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டில் சண்டை வருகிற வாசம் அடித்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கண்ணால் பார்க்காத பாவம் தன் கணக்கில் ஏறாது என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம். ஜோ பிறந்த அன்றைக்குக்கூட டீக்கடையில் இருந்தார் என்று பிலோமி சொல்லிக் காட்டுவாள்.

"மாமா, காலையில எங்க போயிருந்தீங்க?" என்று மெர்லின் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பரசுராமன் வரப்போவது அவருக்கு நேற்றே தெரியும். பிலோமியைத் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை, அதனால் கடற்கரைப் பக்கம் போய்ப் படகு நிழலில் உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றும் இருந்தது.

"நாய குட்த்துடறாங்கம்மா. சாத்தாங்காட்டுல இரும்பு யார்டு ஒண்ணுல காவலுக்குக் கேக்கறாங்க. இன்னிக்கி சாயங்காலம் வண்டி வருது. ஜோதான் பேசி முட்ச்சான்."

ஜோ. கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவளுக்கு இரும்பு யார்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமும் தகதகக்கிற தகடு, மேலே கூரை இல்லை, நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சங்கிலி.

கிளினிக் வராந்தாவிலிருந்தே போன் போட்டாள். கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. சிக்னல் நன்றாகவே கிடைத்தது. ஜோ மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிற பெண்டாட்டியைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினான். அம்மாவிடம் சொன்னது சந்தோஷத்தில் சொன்னதாம், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லையாம். நாய் முடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா பயந்தாளாம். மொட்டை அடிக்கட்டுமா என்று அம்மா கேட்டதற்குச் சரி என்றானாம். யார்டுக்காரர் கேட்டதற்கும் சரி என்றானாம்.

"நான் யாருக்கும் சொல்லாதன்னு கேட்டேன் ஜோ. அதுக்கும் சரின்னுதான் சொன்ன."

"நாயிதானே மெர்லின்," என்றான் ஜோ. "நமக்குப் புள்ளை வரப் போகுது. இனிமே உனக்கு இன்னாத்துக்கு நாயி?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாளாக அவள் தலை சீவியது, எச்சில் துடைத்தது, அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதது எல்லாம், பிள்ளை வரும் வரைக்கும் பிடித்து வைத்த ஓர் இடம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

நெல்சன் வண்டியிலேயே வீடு திரும்பினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வழக்கம்போல இக்னேஷியஸ் கீழே கேட்டருகிலேயே நின்றுகொண்டார். மேலே சண்டை என்றால் அவர் கீழே.

கரண்ட் வந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் படுக்காத கயிற்றுப் பாயின் மேல் குளிர்ந்த காற்று வீசியது. மெர்லின் நாயின் பழைய விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் மாதா படத்துக்கு முன்னால் அது கண்ணில் பட்டது. தலையணை பருமனுக்கு மஞ்சள் துணி மூட்டை. மேலே மல்லிகைச் சரம். பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

பிலோமி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க டாக்டரு?" என்று கேட்டாள். நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.

மெர்லின் மூட்டையைக் காட்டி, இது என்ன என்றாள்.

பிலோமி மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியமாக அவள் அதை நினைக்கவில்லை. போன வருஷம் மெர்லின் முழுகாமல் இருந்தபோது, இந்த வீட்டுப் பிள்ளையின் முதல் முடி உனக்கு என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாளாம். பிள்ளை வரவில்லை. ஆனால் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. பழைய நேர்ச்சையைத் தீர்க்காமல் புதிதாக ஒன்றைக் கேட்க அவளுக்கு நெஞ்சு நடுங்கியது. நாளைக்குக் காலையில் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பஸ் போகிறது. மூட்டையை அதில் கொடுத்தனுப்பிவிட்டால் கடன் தீர்ந்தது.

"உங்க தலையில முடி இல்லியா அத்தை?" என்றாள் மெர்லின்.

"சொன்னது புள்ள முடி. எந்த முடிய குட்த்தா என்னான்னு மாதா வுட்டுடுவாளா? இந்த வூட்ல புள்ளன்னு நீ அத்தத்தானே வளக்கற. 'என் புள்ள, என் புள்ள'ன்னு நீதானே சொல்லிகினு இருந்தே."

பிலோமியின் கண்ணில் நீர் நின்றது. அவள் பொய் சொல்லவில்லை. மெர்லினின் வயிற்றுக்காகத்தான் இத்தனையும் செய்தாள். ஆள் வைத்து, வெயிலில் நின்று, சந்தனம் அரைத்து, ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். அன்பு வைத்தவர்கள் செய்கிற கொடுமைக்கு மன்னிப்புக் கேட்கவும் ஆள் கிடைக்காது.

மெர்லின் மாதா படத்தருகே போனாள். மல்லிகைச் சரத்தை எடுத்துப் படத்துக்குச் சாத்தினாள். மூட்டையைத் தூக்கினாள். இத்தனை பெரிய மூட்டை, கனமே இல்லை.

"அந்தப் புள்ளைக்கு முடி இருந்துச்சி அத்தை," என்றாள். குரல் உயரவில்லை. "நெத்தியில, தோளுல, பூனை முடி மாதிரி. நர்ஸம்மா துணியில சுத்தி எடுத்தாந்து காட்னாங்க. நான் பாத்தேன். நீங்க வெளிய குந்திகினு ஜெபமாலை சொல்லிகினு இருந்தீங்க. ஒருத்தரும் வந்து பாக்கல. இன்னிவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கல. அதுக்குப் பதிலு நாய் முடிய கட்டி அனுப்பறீங்க."

பிலோமியின் கை முழங்காலிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெர்லின் காத்திருக்கவில்லை. ஒரு கையில் விரிப்பு, ஒரு கையில் மூட்டை, அலமாரியிலிருந்து தன் ஆஸ்பத்திரிச் சீட்டும் இரண்டு உடுப்பும் திணித்த பை தோளில்.

"அத்த வெச்சிட்டு போ மெர்லினு. பஸ்ஸு காலையில," என்று பிலோமி பின்னாலிருந்து சொன்னாள். அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். மெர்லின் படி இறங்கினாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. முதலில் கல்மண்டபம். அதற்கப்புறம் திருவொற்றியூரில் அம்மா வீடு இருக்கிறது, அங்கே ஏசி கிடையாது, நாயை வைக்க இடமும் கிடையாது. விடிந்தால் நாய் இருக்குமா என்பதே தெரியாது. இதில் இடத்தைப் பற்றி என்ன யோசனை.

கீழே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி நின்றது. சாத்தாங்காட்டு வண்டி. யார்டு மேனேஜர் அமான், மரியாதைப்பட்ட மனிதர், இறங்கி வந்து இக்னேஷியஸுக்குச் சலாம் வைத்தார். அவருடன் வந்தவன் கையில் புதுச் சங்கிலி. கப்பல் கட்டுகிற கனம்.

"ஜோ சார் வூடு இதானே பெரியவரே? நாயி எங்க கீது?"

மெர்லின் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். மாமா இப்போது என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கல்மண்டபத்துல கீது, டாக்டராண்ட கேளுங்க என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார். யாரையும் ஒரு சொல் சொல்லாத மனுஷர்.

இக்னேஷியஸ் மருமகளைப் பார்த்தார். அவள் தோளில் இருந்த பையைப் பார்த்தார். கையில் இருந்த மஞ்சள் மூட்டையைப் பார்த்தார்.

"செத்துட்ச்சிப்பா," என்றார். "மத்தியானமே."

சிலுவை போட்டுக்கொண்டார். பொய்க்குத்தான் போட்டிருப்பார். அமானுக்கு அது துக்கமாகத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்து, இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சங்கிலிக்காரனை வண்டியில் ஏறச் சொன்னார்.

"போம்மா," என்று இக்னேஷியஸ் உதடு அசையாமல் சொன்னார்.

அப்போதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிலோமி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது. "மாதாவே, நான் கொன்னுட்டேனே, என் கையாலயே கொன்னுட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நேர்ந்துகொண்ட மொட்டை சாவில் முடிந்தால் அது யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியும். நாய்க்காக மட்டும் அவள் அழவில்லை, மெர்லினின் வயிற்றுக்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

இக்னேஷியஸ் மேலே பார்க்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக அவர் எங்கேயும் போகவில்லை.

ஒரு வார்த்தை போதும். உயிரோடதான் கீது அத்தை, அழாதீங்க. அந்த வார்த்தை மெர்லினின் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் அண்ணாந்து மாமியாரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதை விழுங்கிவிட்டு, மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கல்மண்டபம் பக்கம் நடந்தாள்.